விசாரணைக் கமிஷனும் ஒரு ஜோடி டிஸ்க் பிரேக்கும்

விசாரித்து வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. குடை வாங்கக் கிளம்புவார்கள். துணியைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் தெரிந்துகொண்டு முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். மெத்தை வாங்குவதற்காக முதுகெலும்பின் அமைப்பையே கரைத்துக் குடித்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வார்கள். கஞ்சர்கள் என்று தப்புக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு போய்விடுமே என்று கவலை. இவர்களுக்கு, எங்கோ ஒருவன் இதைவிட நல்லதாக ஒன்றை வாங்கிக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானே என்ற கவலை.

நம் ஆளுக்கு லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. அங்கே போனால் கயிற்றைப் பார்ப்பார், பிரேக்கைப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். அது அடுத்தவர் லிஃப்ட். சொந்தக் காரியம் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் ஆளே மாறிவிடுவார். அவருக்கு ‘விசாரணைக் கமிஷன்’ என்று பெயர் வைத்தவர் அவருடைய மச்சினர், ஒரு பல் டாக்டர். கமிஷன் போட்டால் அறிக்கை எப்போது வரும் என்று யாருக்காவது தெரியுமா? அதனால் பெயர் நிலைத்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள். வெளியூரில் வேலை கிடைத்து, மாதக் கடைசியில் கிளம்ப இருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவும் மகளும் சேர்ந்து மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் பாதி தூரம் ஏறுவார்கள்; அதற்கு மேல் பாதை எப்படி என்று விசாரிக்க வேண்டும் என்பார் அப்பா; திரும்பிவிடுவார்கள். இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உச்சி வரைக்கும் ஏறி, அப்படியே இறக்கத்துல வந்துடணும்ப்பா. நீயும் நானும்” என்றாள் மகள்.

“கண்டிப்பா போறோம்” என்றார். மனதார, சத்தியமாகச் சொன்ன வார்த்தை அது. சொன்ன கையோடு போய்த் தன் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். அங்கேதான் வினை. சக்கரத்தோடு சுற்றும் பழைய டிஸ்க் தட்டு தேய்ந்து கத்தி மாதிரி ஆகியிருந்தது, எண்ணெய் கசிந்திருந்தது, பிடியை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் தனக்குத் தோன்றியபோதுதான் நின்றது. மொத்தமாக மாற்றியாக வேண்டும்.

“கடைக்குப் போய் ஒண்ணு மாட்டிட்டு வந்துடுங்களேன்” என்றார் மனைவி.

அவர் புன்னகை செய்தார். மனைவிக்கு அந்தப் புன்னகையை நன்றாகத் தெரியும். புதுமணத் தம்பதியாக ஒரு கட்டில் வாங்கப் போனபோது பார்த்த அதே புன்னகை.

பிரேக் கம்பியால் இழுபடுவதா, எண்ணெயால் அழுத்தப்படுவதா? எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்? தட்டைக் கவ்வ வைக்கும் பிஸ்டன் குமிழ்கள் இரண்டா, நான்கா? தட்டு பெரிதாக இருந்தால் சூடு தாங்குமாம், ஆனால் சின்னக் கல் பட்டாலும் வளையுமாம். கவ்வுகிற கட்டை மென்மையாக இருந்தால் சத்தம் போடாதாம், மழையில் சீக்கிரம் கரைந்துவிடுமாம். உலோகக் கட்டை உழைக்குமாம், ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துமாம். இத்தனையையும், முகம் தெரியாத யார் யாரோ இணையத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே எழுதி வைத்திருந்தார்கள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். நான்கு குமிழ் இல்லாதவன் மனிதனே இல்லை என்று ஒருவன் எழுதியதைப் படித்துத் தலையாட்டினார். இரண்டு போதும், மீதி வீண் ஜம்பம் என்று இன்னொருவன் எழுதியதற்கும் அதே தலையைத்தான் ஆட்டினார்.

ஒருநாள் தலைக்கவசம், முதுகுப் பை, நிரம்பிய தண்ணீர் பாட்டில் சகிதம் எடை மெஷினில் ஏறி நின்றார்.

“என்னங்க இது கோலம்?”

“இறங்கற எடை தெரியாம எப்படி பிரேக் வாங்கறது?”

மனைவி சமையலறைக்குள் போய்விட்டார். அங்கேயே நின்றால் தன்னையும் மெஷினில் ஏறச் சொல்லுவார் என்ற பயம்.

இதற்கிடையில் மச்சினரும் தன் சைக்கிளுக்குப் பிரேக் மாற்றினார். கடைக்குள் போய், “இருக்கறதுல நடுவாந்தரமா ஒண்ணு போடுங்க” என்றார்; ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். நம் கமிஷன் அவரைக் கூண்டில் ஏற்றியது.

“எந்த கம்பெனி?”

“தெரியலையே அத்தான்.”

“எத்தனை பிஸ்டன்?”

“எண்ணலையே.”

“பின்ன என்னதான் பார்த்து வாங்கினே?”

“கறுப்பா இருந்துச்சு.”

அன்று கமிஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாக மகள் கிளம்புகிற வாரத்தில் அவர் முடிவெடுத்தார். பிரேக் பெட்டி வந்தது. தானே பொருத்தினார். பிசுக்கு பட்டால் பிரேக் பாழ் என்று படித்திருந்ததால் டிஸ்க்கை ஒருவரும் விரலால் தொடக்கூடாது என்றார். எண்ணெய்ப் புகை காற்றில் மிதந்து வந்து படியுமோ என்று யோசித்து, வீட்டில் எதையும் பொரிக்கக்கூடாது என்றும் தடை போட்டார். புதுப் பிரேக்கைப் பழக்க வேண்டுமாமே! தெருவில் வேகமாக மிதிப்பார், பிடிப்பார், நிற்பார்; மறுபடி மிதிப்பார், பிடிப்பார், நிற்பார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, “பரவால்லையே, இந்த வயசுல கத்துக்கறீங்களே” என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெயில் ஏறினால் காட்டுப் பாதையின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், ஆகையால் சீக்கிரம் போக வேண்டும். காரில் ஏற்றுவதற்காக நம் ஆள் தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டு, பிடி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று மகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, ஒரு அழுத்து அழுத்தினார்.

சக்கரம் இல்லாதபோது பிடியை அழுத்தவே கூடாது. நடுவில் டிஸ்க் இல்லாததால் இரண்டு கட்டைகளும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே போகாது. இது அவருக்குத் தெரியாதா? இணையத்தில் ஆறேழு பேருக்கு அவரே இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்.

“ஒண்ணுமில்லப்பா, தட்டையா எதையாவது விட்டு நெம்பினா விலகிடும்” என்றாள் மகள்.

“கீறிடும்மா! எதால நெம்பணும்னு பார்க்கணும். ரெண்டே நிமிஷம்.”

உள்ளே போய் இணையத்தைத் திறந்தார். இரும்பால் நெம்பு என்றான் ஒருவன். இரும்பு பட்டால் தொலைந்தது என்றான் மற்றொருவன். மூன்றாமவன் இருவரையும் முட்டாள்கள் என்றான். மகள் ஜன்னலருகே வந்தாள்.

“அப்பா, நேரமாச்சு.”

“இதோ.”

மறுபடி வந்தாள். “அப்பா, மாமா மத்த சைக்கிளையெல்லாம் ஏத்திட்டாரு. கேட்டைப் பூட்டிடுவாங்க.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: “நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலயே வந்துடறேன்.”

ஜன்னலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் பார்க்கவில்லை.

விடை கண்டுபிடித்த வெற்றியோடு வெளியே வந்தபோது கார் இல்லை. மனைவி சக்கரத்தை மாட்டி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மரக்கரண்டி கிடந்தது.

“கரண்டிக் காம்பால நெம்பினேன். விலகிடுச்சு.”

அவர் கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எந்த மரம்?” என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவில் வெயில் நன்றாக ஏறியிருந்தது.

மத்தியானம் மகள் முழங்கால் வரை சேறும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்து இறங்கினாள். மாமா வழியெல்லாம் அலறினாராம். அந்தக் கறுப்புப் பிரேக் பிடித்ததாம், நன்றாகவே பிடித்ததாம். உச்சியிலிருந்து பார்த்தால் நம் வீட்டு மொட்டை மாடி தெரிகிறதாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “நீ வந்திருக்கலாம்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கு அழுகை வந்தது. புதன்கிழமை அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது எனக்குக் கேட்கிறது. நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்தீர்களே, ‘அதெல்லாம் சரி, அவர் கடைசியில் எந்தக் கம்பெனி பிரேக்தான் வாங்கினார், இரண்டு குமிழா நான்கா, அதைச் சொல்லவே இல்லையே’ என்று உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருக்கிறதா, இல்லையா? இருந்தால், தயவுசெய்து அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். வெளியே யாரோ உங்களை இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறார்கள்.