லிமிட்டருக்கு அடங்காத மாமியார்

"இதோட மூணு. இன்னொரு ஸ்பீக்கர் எரிஞ்சுதுன்னா அதோட சேர்த்து உன்னையும் வெளியே தூக்கி வச்சுடுவேன்" என்றார் சவுண்ட் சர்வீஸ் முதலாளி.

மெக்கானிக் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? மூன்றையும் எரித்தது அவனுடைய மாமியார்.

பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஒரு வாடகைக் கூடத்தில், இந்தக் கடை ஸ்பீக்கர்களை வைத்து, மாலை ஆறு மணிக்கு, முப்பது பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியை விரட்டிய தொண்டை. அதற்கு மைக்கே அதிகம். அவரோ வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டுத்தான் "ஒண்ணு!" என்று ஆரம்பிப்பார்.

'சத்தத்தைக் குறைங்க அத்தை' என்று சொல்லலாம்தான். சொல்லிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? ஆகவே மெக்கானிக் ஒரு லிமிட்டர் கொண்டுவந்தான். சத்தம் வைத்த அளவைத் தாண்டப் பார்த்தால் அந்த நொடியே அமுக்கிப் பிடிக்கிற சின்னப் பெட்டி. ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அளவைக் குறித்து, மூடி போட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான்.

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"பாதுகாப்புக்கு அத்தை."

"யாருக்கு?"

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைப்பதில் மும்முரமானான்.

மாமியார் "ஒண்ணு!" என்றார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் காதருகே கையை வைத்து, "கேக்குதா?" என்றார்.

"கேக்கல டீச்சர்!" என்றார்கள் முப்பது பேரும்.

மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பல தலைமுறை மாணவிகள் மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள்.

அதோடு இன்னொரு வம்பு. பாட்டும் மைக்கும் ஒரே பெட்டி வழியாகப் போனதால், மாமியார் எண்ணும்போதெல்லாம் பாட்டு பம்மியது. பாட்டு நின்றுவிட்டது என்று முன் வரிசை நின்றது. பின் வரிசை நிற்கவில்லை. இரண்டு பேருக்கு நெற்றி வீங்கியது.

மறுநாள் மெக்கானிக் பாட்டுக்கு ஒரு லிமிட்டர், மைக்குக்கு ஒரு லிமிட்டர் என்று பிரித்துவைத்தான். பாட்டு ஒழுங்காக ஓடியது. மாமியார் தொண்டை கிழியக் கத்தினார். விசிலை மைக்குக்குள் விட்டு ஊதினார். விளக்கு எரிந்ததே தவிர சத்தம் ஏறவில்லை.

"கேக்குதா?"

"கேக்கல டீச்சர்!"

"கூடம் பெருசு அத்தை. ஸ்பீக்கர் பத்தல" என்று சமாளித்தான். மூன்றாம் நாள், முதலாளி வெளியூர் போயிருந்த நேரத்தில், இருந்த இரண்டு போதாதென்று கடையிலிருந்து இன்னும் நான்கு ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபயரோடு கிளப்பிக்கொண்டு வந்தான்.

வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடம் மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்தார்.

"என் கையில ஊசி ஆடுது. அதைப் பார்த்துட்டு நாற்காலியில படுத்திருக்கிற மனுஷர் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். கொஞ்சம் தயவு பண்ணுங்க!"

மாடியில் ஊசி ஆடுகிறது, கீழே மட்டும் கேட்கவில்லையா? மெக்கானிக்குக் குழம்பியது. ஆனால் மாமியார் காதருகே கையை வைத்தார். முப்பது தலைகளும் இல்லை என்று ஆடின.

மாமியார் முகம் வாடிவிட்டது. "கேக்கலன்னா நாளைக்கு எவ வருவா? வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான். அஞ்சே நிமிஷம் அந்தப் பெட்டியைக் கழட்டிவிடுங்க மாப்பிள்ளை. உங்களை நான் எப்பவாவது எதாவது கேட்டிருக்கேனா?"

அவர் கண் கலங்கி அவன் பார்த்ததே இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றினான். லிமிட்டரை விலக்கிவிட்டு வயரை நேராகச் செருகினான்.

"ஒண்ணு!" என்றார் மாமியார்.

"ரெண்டு" வரவில்லை. ஸ்பீக்கர்களில் ஒன்று புகைந்தது. பிறகு அடுத்தது. கருகிய நாற்றம் கூடத்தை நிறைத்தது. மெக்கானிக் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதலாளி சொன்னதைச் செய்கிற ஆள். வேலை போனது போனதுதான்.

முன் வரிசையில் நின்ற தையல்கார அம்மாவைப் பார்த்து அழாத குறையாகக் கேட்டான். "ஆறு ஸ்பீக்கர் வச்சும் உங்களுக்கு ஏம்மா கேக்கல?"

"என்ன தம்பி?"

இன்னும் சத்தமாகக் கேட்டான். அந்த அம்மா இரண்டு காதிலும் விரலை விட்டு எதையோ உருவினார்.

"எப்படி தம்பி கேக்கும்? டீச்சர் சத்தம் தாங்காம மொத நாள்லேருந்தே எல்லாரும் காதுல பஞ்சு வச்சிருக்கோம், நீங்க ஸ்பீக்கரைக் கூட்டக் கூட்ட நாங்களும் பஞ்சைக் கூட்டிக்கிட்டே வர்றோம்!"