தெரியும் காக்காவின் சிங்க்

'தெரியாது' என்ற சொல்லை ஒருமுறைகூட வாயில் எடுக்காத மனிதரைப் பார்க்க விரும்புகிறவர்கள் கல்முனைக்கு பஸ் ஏறலாம். பசாரில் ஒரு சாரன் கடையில் நிற்பார். "இது சாயம் போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியும்" என்பார். போகும் என்று தெரியுமா, போகாது என்று தெரியுமா என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் சாரன் மடிக்கப்பட்டுப் பைக்குள் போயிருக்கும்.

ஊரில் அவருக்குப் பெயர் தெரியும் காக்கா; அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. நிக்காஹ் நடத்திய லெப்பைக்கு மட்டும் அது ஞாபகமிருக்கலாம்.

எனக்கு அவர் சகலன். என் மனைவியின் ராத்தாவை, அதாவது அக்காவை, கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். சாய்ந்தமருதில் ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, முன்வீட்டை மூத்த மகளுக்கும் பின்வீட்டை இளைய மகளுக்கும் கொடுத்தார் எங்கள் மாமி. அப்படி முன்வீட்டோடு காக்கா வந்தார், பின்வீட்டோடு நான் வந்தேன். வந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாத மருமகன் என்று பெயர் எடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

பயம் நல்லதுதான். ஆனால் அவர் அதோடு ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிடுவார். முன்வீட்டு ஹோலில் அவர் பூட்டிய ஃபேன் காற்றை மேலே அனுப்பியது. கீழே நாங்கள் வியர்த்து ஊற்றிக்கொண்டிருக்க, கூரையில் பல்லிகள் காற்று வாங்கின. "தெரியும் தம்பி, சூடு மேலதானே இரிக்கி" என்றார்.

மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முன்வீட்டில் இருந்தார் என்பதைவிட முன்வீட்டுக் குசினியில் இருந்தார் என்பதுதான் சரி. நித்திரைக்கு மட்டும்தான் அறைக்குப் போவார். தரையில் குந்தி மீன் வெட்டிக் கழுவுவார். அதை வேறு யாருக்கும் விடமாட்டார். மற்றவர்கள் கழுவிய மீனில் அவருக்குக் கவுச்சி மணக்கும்.

அந்த மாமிக்கு முழங்கால் போய்விட்டது. தரையில் குந்தவும் கூடாது, நெடுநேரம் நிற்கவும் கூடாது என்றார் டொக்டர். அதே நேரத்தில்தான், மதினிக்கு, அதாவது காக்காவின் மனைவிக்கு, குசினிக்கு சிங்க் வேண்டும் என்ற ஆசை வந்தது. நோன்புக்கு முன்பே பூட்டிவிட வேண்டுமாம்.

மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நிண்டு மீன் கழுவ நான் என்ன கொக்கா? என்னக் கொண்டுபோய் ஹோல்ல கதிரையில இருத்தி வைங்க. வாறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு உண்மையாகவே ஹோலில் போய் இருந்துகொண்டார். கண் மட்டும் குசினிப் பக்கம். எனக்கு மனது சரியில்லை. குசினி இல்லாத மாமியை எனக்குக் கற்பனை செய்து பார்க்கவே முடியவில்லை.

சிங்க் பூட்ட ஆள் தேடினோம். நோன்பு நெருங்கினால் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பெயின்ட், பைப், ஓட்டு வேலை எல்லாம் வந்துவிடும். வேலை தெரிந்த எந்தப் பாஸும் கையில் சிக்கவில்லை. அப்போதுதான் காக்கா தொண்டையைச் செருமினார். வீடே நடுங்கியது.

"சிங்க் தானே. தெரியும். நான் பூட்டுறன்."

அன்றிலிருந்து கடையில் சும்மா நிற்கும் நேரமெல்லாம் போனில் வீடியோ. சத்தம் வைத்தால் முதலாளி ஏசுவார் என்று சத்தமில்லாமலே பார்த்தார். வெள்ளைக்காரன் ஒருவன் சட்டையில் ஒரு துளி ஈரம் படாமல் சிங்க் பூட்டுகிறான். அவன் என்ன சொல்லிக்கொண்டு பூட்டுகிறான் என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அசர் தொழப் பள்ளிக்குப் போனால், அங்கே தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்யும் இடத்தில் காக்கா அளவு நாடாவோடு குந்திக்கொண்டு குழாய்களின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறார். பின்னால் ஆட்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்து நிற்கிறார்கள். காக்கா அதோடு விடாமல் பாங்கு சொல்லும் வயதான மோதினாரைப் பிடித்து, குழாய்க்கு முன்னால் உள்ள சீமெந்துத் திண்டில் இருத்தினார், எழும்பச் சொன்னார், திரும்பவும் இருத்தினார். தன்னுடைய வுளூவில்தான் ஏதோ பிழை போலும் என்று பாவம் அந்த மனிதர் முதலிலிருந்து கையைக் கழுவத் தொடங்கினார். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம் வந்து, உங்கள் சகலன் புதுக் குழாய் ஏதும் அன்பளிப்புச் செய்யப்போகிறாரா என்று ஆசையோடு விசாரித்தார். நான் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டேன்.

சிங்க் வாங்கி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றி, என் மடியில் சிங்கை வைத்தார். பாதி வழியில் மழை கொட்டியது. சிங்கில் விழுந்த தண்ணீரெல்லாம் ஓட்டை வழியாக நேரே என் மடிக்கு இறங்கியது. கத்தினேன். காக்கா வண்டியை ஓரங்கட்டி, திரும்பி, என் சாரனிலிருந்து தண்ணீர் வடிவதைத் திருப்தியோடு பார்த்தார்.

"தண்ணி நல்லாப் போகுது தம்பி. டெஸ்ட் முடிஞ்சி."

வேலை தொடங்கியது. இரண்டு பக்கமும் கல்லு வைத்துக் கட்டினார், மேலே தடித்த பலகை ஒன்றைப் போட்டார். சிங்கைப் பலகையில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலேயே அறுத்தார். பிறகு பிஸ்மி சொல்லி சிங்கை இறக்கினார். அது நிற்காமல் இறங்கி அவர் கால் பெருவிரலில் போய் இருந்தது. விளிம்பைத் தாங்கப் பலகையில் ஒரு நூல் இடமும் மிச்சமில்லை.

"தெரியும்" என்றார், ஒற்றைக் காலில் குசினியைச் சுற்றியபடி. "முதல்ல ஒருக்கா விழுத்திப் பாக்கணும்."

அடியில் சட்டம் அடித்து ஒருவாறு நிறுத்தினார். வெள்ளைக்காரன் சிங்குக்குக் கீழே வளைந்த பைப் ஒன்று போட்டானே என்று நான் ஞாபகப்படுத்தினேன். தண்ணீரை வளைத்துக் கஷ்டப்படுத்துவது பாவம், அதற்கும் நேர்வழிதான் நல்லது என்று ஒரு பயான் செய்தார். பைப் நேராகக் கீழே இறங்கி, சுவரைத் தாண்டி வாழையடிக்குப் போனது. அந்த வளைவில் தண்ணீர் தங்கி நின்றால்தான் வெளியிலிருந்து ஒன்றும் ஏறி வராது என்பது எங்களுக்குப் பின்னால் தெரியவந்தது.

குழாய் பூட்டும்போது தண்ணீர்த் தாங்கியின் வால்வை மூட மறந்துவிட்டார். நான் ஓடிப்போய் மூடும் வரைக்கும் பீறிய தண்ணீரைக் கைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, குளித்த கோலத்தில், கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டு நின்றார்.

கடைசியில் சிங்க் நின்றது. மதினி ஆசையோடு வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிங்க் அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

பள்ளிக் குழாயை அளந்தவர் அந்தக் கணக்கிலேயே கட்டி முடித்திருக்கிறார். குசினியில் வுளூச் செய்ய இடம். செய்தி பரவி அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்துச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்தான். மதினி அன்று முழுக்கக் காக்காவோடு கதைக்கவில்லை. அவரோ வீங்கிய கால்விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் தனியாக இருந்தார்.

மறுநாள் காலை கீரி மீன் வந்தது. கழுவப்போன மதினி போன வேகத்தில் கத்திக்கொண்டு திரும்பி வந்தார். சிங்கின் நடுவில் ஒரு தவளை. வாழையடியிலிருந்து நேர்வழியில் வந்திருக்கிறது. இதை உடைத்து வீசுங்கள் என்று மதினி அழாத குறை. காக்கா குனிந்து அந்த நேர்ப் பைப்பையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஹோலில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. மாமி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். தவளையைப் பார்த்தார்.

"வந்த ஆள அனுப்பி வைங்க. மீன் கழுவணும்."

நான் தவளையை அனுப்பி வைத்தேன். காக்கா நொண்டிக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து சிங்குக்கு முன்னால் வைத்தார். மாமி அதில் இருந்தார். குந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. கால் இரண்டும் சிங்குக்கு அடியில் சுகமாக நீண்டன. குழாயைத் திறந்தார். ஒரு கீரியை எடுத்துச் செதில் தட்டினார், கழுவினார், அடுத்ததை எடுத்தார். சட்டி நிறைந்தது.

"உசரம் சரி மருமகன்" என்றார் மாமி, திரும்பிப் பார்க்காமலே.

பள்ளியில் மோதினாரை இருத்தி எழுப்பியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோதினாருக்கும் முழங்கால் வருத்தம், ஊருக்கே தெரியும். காக்காவை முற்றத்துக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டேன்.

"காக்கா, மாமி இருந்து கழுவணும் எண்டுதானா பள்ளில போய் அளந்தீங்க? இத முன்னுக்கே சொல்லியிருந்தா இவ்வளவு பேரும் சிரிச்சிரிப்பாங்களா?"

காக்கா விரலில் சுற்றிய துணியைச் சரிசெய்தார்.

"தெரியும்" என்றார்.

அவருடைய ஃபேனை நான் நம்பவில்லை, பைப்பை நம்பவில்லை, அவர் விற்கும் சாரனின் சாயத்தை இன்றைக்கும் நம்புவதில்லை. அந்த ஒரு 'தெரியும்' மட்டும் உண்மை. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்வேன்.

இப்போது முன்வீட்டுச் சிங்குக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் கிடக்கிறது. ஒன்று மாமிக்கு, மற்றது அவரோடு கதைத்துக்கொண்டே பீங்கான் கழுவும் மதினிக்கு. தவளையும் இடைக்கிடை வந்து போகிறது.

எங்கள் பின்வீட்டுக் குழாய் ஒரு கிழமையாக ஒழுகுகிறது. நல்ல பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்கிறாள் என் மனைவி. நான் காக்காவைத்தான் கூப்பிடப்போகிறேன். ஒழுகினால் ஒழுகட்டும்.