மால்ட் அரவைக்கு மோட்டார் பூட்டிய பல் டாக்டர்

எல் போல்சோன்,
ஜனவரி மாதம், ராஸ்பெரி பழுக்கும் வாரம்.

கொரோனெல் சுவாரெஸில் குடும்பத்தோடும் பண்ணையோடும் சிறப்புற்றிருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி தியோடோரோ ஷாம்னே அவர்கள் சமூகத்திற்கு, உபால்டோ இபார்ரா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி நெலிடாவும் சௌக்கியம். எங்கள் மலைக்காற்று போலவே தங்கள் சமவெளிக் காற்றும் இதமாக வீசி, தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், இர்மா அம்மையாரின் வாத்துகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறோம். மார்ச் மாதத்தில் இங்கு என் மகள் மைத்தேனுக்கும் தங்கள் மகன் எமிலுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்திற்கு வேண்டிய பீரில் சரிபாதி என் வீட்டிலேயே தயாராகிவிட்டது என்ற செய்தியைத் தங்களுக்கு அடக்கத்துடன் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். அடக்கத்துடன் என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் அடக்கம் வராது, மன்னிக்கவும்.

நிச்சயதார்த்த விருந்தன்று தங்கள் கொட்டகையில் நடந்தது தங்களுக்கு மறந்திருக்கலாம். தாங்கள் பீருக்காக முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதான் அந்த மால்ட்டை, கைமில்லில் கொட்டி, சம்பந்தியும் ஒரு கை பார்க்கட்டும் என்று கைப்பிடியை என்னிடம் தந்தீர்கள். நானும் சுற்றினேன். ஊர்க்காரர்களின் கடைவாய்ப் பற்களை ஆயுசு முழுக்கப் பிடுங்கிய மணிக்கட்டு இது. ஒரு வாளி அரைபடுவதற்குள் விண்விண்ணென்று தெறித்து, நான் நிறுத்திவிட்டேன். அப்போது தாங்கள் இரு குடும்பத்தார் முன்னிலையில், "டாக்டர், பல்லு புடுங்குற கைக்கு இது சரிப்படாது, நீங்க போய் உக்காருங்க" என்றீர்கள். நானும் போய் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கலாம். கல்யாண பீரில் பாதி என் பொறுப்பு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குத் தாங்கள், "உங்க பீரை வாய் கொப்பளிக்க வெச்சுக்கலாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். புறப்படும்போது ஒரு கைமில்லையும் துணியில் சுற்றி என் மடியில் வைத்தீர்கள். அது அன்பளிப்பா, குத்தலா என்று நானும் நெலிடாவும் பேருந்தில் வழி நெடுக விவாதித்துக்கொண்டே வந்தோம். அவள் அன்பளிப்பு என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானித்தேன், இந்த மில்லை மோட்டார்தான் சுற்றும் என்று. சுழல்கிற கருவிகளோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான், எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முதலில் சுவரில் துளை போடும் டிரில்லை மில்லின் தண்டில் மாட்டினேன். அது முதல் வாளியிலேயே புகைந்து, சொத்தைப் பல்லைக் குடையும்போது வருமே, அதே வாடையோடு உயிரை விட்டது. அடுத்த வீட்டு டெல்ஃபோர் வேலி மேலே சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் இருக்கிற பல்செட்டு நான் கட்டினது, ஆனாலும் அந்த வாயால் என்னைக் கிண்டல் பண்ண அவன் தயங்குவதே இல்லை. தன் கொட்டகையில் செத்துக்கிடந்த துணி துவைக்கும் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றித் தருவதாகவும், பதிலுக்குப் பல்செட்டை இறுக்கித் தர வேண்டும் என்றும் சொன்னான். இறுக்கிக் கொடுத்தேன். அந்த மோட்டாரை மில்லோடு நேராகப் பூட்டி ஸ்விட்சைப் போட்டேன் சம்பந்தி, அது அரைக்கவில்லை, அலறிற்று. பார்லி நாலா பக்கமும் சுட்டது. எங்கள் கோழிகள் அன்று மேசைக்கடியில் போய்ப் படுத்தவை, மறுநாள்தான் வெளியே வந்தன. அதுவும் சியெஸ்தா நேரம், தெருவே தூங்குகிற வேளை. டெல்ஃபோர் உள்ளாடையோடு ஓடி வந்து, "டாக்டரே, யாருக்கு இப்ப பல்லு புடுங்குறீங்க, மாட்டுக்கா?" என்று கேட்டான்.

அரைந்து வந்ததோ சுத்த மாவு. தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உமி உரியணும், உடையக் கூடாது, உள்ளே இருக்கிற பருப்புதான் உடையணும். தானியம் ஊறி இறங்கும் சாற்றை வடிகட்டித் தருகிற சல்லடை உமிதான். இது எனக்கும் தெரியும், ஆனாலும் தானியத்தைத் தூக்கிப் போட மனசு வராமல் வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டேன். அண்டாவின் அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்டா முழுக்கச் சுவரொட்டி ஒட்டுகிற பசை. அகப்பை அதில் நட்டுக்குத்தாக நின்றது. கோழிகளுக்கு வைத்தோம். இரண்டு நாள் அலகு ஒட்டிக்கொண்டு அவை கொக்கரிக்கவே இல்லை.

சரி, வேகம்தான் வில்லன் என்று புரிந்தது. மோட்டாரில் சின்னச் சக்கரம், மில்லில் பெரிய சக்கரம், நடுவே ஒரு பெல்ட், அப்படி வைத்தால் மில் நிதானமாகச் சுற்றும். பெரிய சக்கரத்துக்கு எங்கே போவது? வாசலில் என் சைக்கிள் நின்றது. பின் சக்கரத்தைக் கழற்றி, டயரை உரித்துவிட்டு, வெறும் வளையத்தை வெல்டிங் பட்டறையில் கொடுத்து மில் தண்டோடு ஒட்டவைத்தேன். அழகாகச் சுற்றியது, ஆனால் பின்பக்கமாக. பார்லி உருளைகளுக்குள் இறங்காமல் மேலேயே நின்று ஆட்டம் போட்டது. நான் மோட்டாரைத் திருப்பி வைக்கலாமா, வீட்டையே திருப்பி வைக்கலாமா என்று ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தபோது, மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி வந்த நெலிடா, "அந்தப் பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிப் போடுங்களேன், எதிர்ப்பக்கம் சுத்தப்போகுது" என்றாள். எட்டு போலப் பெல்ட்டை முறுக்கி மாட்டினோம், சரியாகச் சுற்றியது. நானும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நெலிடா எழுதச் சொல்கிறாள். வேலை என்றால் நான் என் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வது வழக்கம். தானியத்தைத் தள்ளிவிடக் குனிந்தபோது பெல்ட் என் கோட்டுக் கையைக் கவ்வி இழுத்தது. கோட்டுக் கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது, சக்கரத்தின் கம்பிகள் என் முகத்துக்கு நேரே சுற்றுகின்றன. நெலிடா பிளக்கைப் பிடுங்கினாள். கோட்டுக் கை கிழிந்து பெல்ட்டோடு போயிற்று, என் கை என்னிடமே இருந்தது.  அவள் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அன்று சாப்பாட்டில் பேச்சில்லை, மறுநாளும் இல்லை. நானே மில்லைக் கழற்றித் துணியில் சுற்றத் தொடங்கினேன், தங்களுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்குக் கடையில் பீர் வாங்கிவிடலாம் என்று.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "எங்க அனுப்புறீங்க?"

சொன்னேன்.

"அந்த மனுஷன் போய் உக்காருங்கன்னு சொன்னதும் நீங்க உக்காந்தீங்களே, அதை நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டாவது தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. முயல் கூண்டு சும்மாதானே கிடக்கு? அதை வெட்டி அந்தப் பெல்ட்டுக்கு மேல மூடுங்க. கோட்டும் வேணாம், கையில்லாத பனியன் போதும்."

சம்பந்தி, அவள் மில் அன்பளிப்பு என்று சொன்னாளே, அது எனக்காகச் சொன்னது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கூண்டு வந்தது. ஸ்விட்சை நெலிடா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாற்றினேன். உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடுக்கு வேண்டும் என்பதை, பல் இடுக்கு அளக்கிற என் பழைய கருவியால் அளந்து வைத்தேன். அரைந்து விழுந்த முதல் பிடியை வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பரிசோதித்தேன். ஒவ்வொரு உமியும் முழுசாக, சட்டையைக் கழற்றி மடித்து வைத்த மாதிரி. பருப்பு மூன்று நாலாக உடைந்து, வெள்ளை வெளேரென்று. இதைவிட ஒழுங்கான பல்வரிசையை நான் எந்த வாயிலும் கண்டதில்லை. ஒரு மாத்தே குடித்து முடிப்பதற்குள் ஒரு வாளி அரைந்துவிடுகிறது. நான் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆம், உட்கார்ந்துதான். பழைய அலறலும் இல்லை, மெல்லிய முனகல்தான். டெல்ஃபோர் சியெஸ்தாவுக்கு இப்போது எங்கள் வீட்டு வராந்தாவுக்கே வந்துவிடுகிறான், அந்தச் சத்தம் தூக்கத்துக்கு நல்லதாம். சாறு தேன் நிறத்தில் தடையில்லாமல் இறங்கிற்று. கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் எங்கள் ஊர்த் தோட்டத்துப் பூ. பீர் பொங்கித் தெளிந்து பீப்பாய்களில் நிற்கிறது. டெல்ஃபோர் முதல் கோப்பையைக் குடித்து முடித்தான். பிறகு பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாவது கோப்பையை நீட்டினான். இதைவிடப் பெரிய நற்சான்று என் தொழிலில் கிடையாது.

ஆகவே சம்பந்தி அவர்களே, கல்யாணத்தன்று இரண்டு பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எது எதுவென்று எழுத வேண்டாம். சபை குடித்துச் சொல்லட்டும். மாப்பிள்ளை எமிலே முதல் கோப்பையை எடுத்துத் தீர்ப்புச் சொல்லட்டும், பீர் செய்கிற வீட்டில் பிறந்து வளர்ந்த நாக்கு, அதற்குத் தெரியும்.

இர்மா அம்மையாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் கதிர் குனியட்டும், தங்கள் முழங்கால் நிமிரட்டும். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ் நிறைவாக வாழ எல்லாம் வல்லவன் அருளட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள சம்பந்தி,
உபால்டோ இபார்ரா, பல் மருத்துவர் (ஓய்வு), அரவை (பணியில்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மைத்தேனும் எமிலும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். பிரமாதம் மாமா என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போனார். அங்கே அதை நெலிடாவின் ஜெரேனியம் பூந்தொட்டியில் ஊற்றும்போது அவள் பார்த்துவிட்டாள். விசாரித்ததில், அவருக்குப் பீரே பிடிக்காதாம், சின்ன வயதிலிருந்தே. கசப்பு. தங்கள் வீட்டிலும் அம்மாவின் தொட்டிகளில்தான் ஊற்றி வந்திருக்கிறார். விருந்துக்கு ஆப்பிள் சாறு போதும் என்று இருவரும் முன்பே பேசி முடித்துவிட்டார்களாம், நம் இருவரிடமும் சொல்லத்தான் பயமாம். "அப்பா மனசு ஒடிஞ்சுடும், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று பிள்ளை கெஞ்சுகிறார். நானும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. தாங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே புறப்பட்டு வாருங்கள். இவ்வளவு பீரையும் நாம் இரண்டு பேர்தான் குடித்தாக வேண்டும்.