ஒட்டகத்திலிருந்து பனிச்சிறுத்தை வரை

"எல்லாரும் மறுபடியும் ஓடணும்!" என்றான் எர்மெக்.

கிர்கிஸ்தானில், பிஷ்கெக் நகரத்துச் சிமெண்ட்டு விலங்குப் பூங்காவில், ஒட்டகத்திடம் கிளம்பி பனிச்சிறுத்தையைத் தொட வேண்டும். வந்திருந்த பிள்ளைகளுக்கு அதுதான் பந்தயம். சிறுத்தையின் காலடியில் எர்மெக்கின் ஒரு வயது மகள் நின்றிருந்தாள். கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளைக் கம்பளிக் கயிறு கட்டியிருந்தது. பிள்ளை நடக்கத் தொடங்கினால் இப்படிக் கயிறு கட்டி வெட்டுவது அந்த ஊர் வழக்கம். முதலில் ஓடி வருகிறவர் வெட்டுவார்; அவர் குணம்தான் பிள்ளைக்கு.

எர்மெக்கின் கவலையே அந்தக் குணம்தான். முதலில் ஓடி வந்தது பெர்மெட், அவன் மனைவி சைகாலின் அக்கா மகள். எட்டு வயது. கணக்கு டீச்சரிடமே "உங்க விடை தப்பு" என்று சொன்னவள்.

"நான்தானே ஜெயிச்சேன், சித்தப்பா?"

"விசில் ஊதுறதுக்கு முன்னாடியே கிளம்பிட்ட."

"உங்ககிட்ட விசிலே இல்லையே!"

"என்னங்க, கத்திரிக்கோலை அவகிட்ட குடுங்க" என்றாள் சைகால்.

எர்மெக் மனைவியை ஒட்டகத்துக்குப் பின்னால் இழுத்துப் போனான். "பதினோரு வருஷமா ஆபீஸ்ல குனிஞ்சே நிக்கிறேன். டைரக்டர் தும்மினா நான் மூக்கத் துடைச்சுக்கிறேன். எம் பொண்ணு என்னை மாதிரி ஆயிடக் கூடாதுடி. டைரக்டர் பையன் வெட்டட்டும். நாளைக்கு நாலு பேரை அதட்டி வேலை வாங்குவா."

"அதட்டுறதுக்கு பெர்மெட் போதாதா?"

"அவ அதட்டினா வேலை போயிடும். அவன் அதட்டினா வேலை நடக்கும்!"

டைரக்டர் வரவில்லை. மகன் ஏல்தாரை மட்டும் டிரைவரோடு அனுப்பியிருந்தார். அவன் காட்டாடு வடிவச் சறுக்குமரத்தின் மேல் உட்கார்ந்து வேகவைத்த சோளம் கடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஓட்டத்தில் ஏல்தாருக்குப் பாதித் தூரம் தள்ளுபடி. பாதி வழியில் அவனுக்குச் சறுக்குமரம் ஞாபகம் வந்துவிட்டது. பெர்மெட் சிறுத்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூக்கைத் தொட்டாத்தான் கணக்கு" என்றான் எர்மெக்.

மூன்றாவது ஓட்டத்தில் ஏல்தாரைத் தவிர எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. வெறுங்காலில் பெர்மெட் இன்னும் வேகமாக ஓடி வந்து சிறுத்தையின் மூக்கைத் தொட்டாள். ஏல்தார் கிளம்பவே இல்லை. அவன் கிளம்பாததால் அதுவும் செல்லாது என்றான் எர்மெக்.

"இவரு வேலை பாக்குறது தேர்தல் ஆபீஸ்லயா?" என்று பக்கத்தில் வண்டி போட்டிருந்த சோளக்காரம்மா சைகாலிடம் கேட்டாள்.

கயிறு கட்டிய பிள்ளை அழ ஆரம்பித்தது. எர்மெக் ஏல்தாரிடம் கெஞ்சினான். "ஒரே ஒரு தடவை ஓடு ராஜா."

"நான் எதுக்குமே ஓடினதில்ல அங்கிள். எங்க வீட்ல மத்தவங்கதான் ஓடுவாங்க."

எர்மெக்குக்குப் புல்லரித்தது. இந்தக் குணம்தான் வேண்டும்!

"அப்ப நீ ஓட வேணாம்" என்று குனிந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான். நான்காவது ஓட்டம் கிளம்பியது. தொப்பி பறந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பக்கத்தில் பெர்மெட் வெறுங்காலில் பறந்து வந்தாள். கடைசி நொடியில் எர்மெக் எக்கி, நெற்றியால் சிறுத்தையின் மூக்கை முட்டினான். நெற்றி புடைத்தது. பெர்மெட் ஒரு விரற்கடையில் தோற்றாள்.

முதுகிலிருந்து இறங்கிய ஏல்தார் கொட்டாவி விட்டபடி கயிற்றை வெட்டினான். பிள்ளை தள்ளாடி நாலு அடி வைத்தது. எர்மெக்குக்குக் கண் நிறைந்தது.

"பாத்தியா சைகால்? இனி எம் பொண்ணு யாருக்கும் குனிய மாட்டா!"

சோளக்காரம்மா அவன் தொப்பியைத் தூசி தட்டி நீட்டினாள்.

"முதல்ல ஓடி வந்தது உன் காலுதானே தம்பி? அப்புறம் என்ன, பாப்பா அச்சு அசல் உன்னை மாதிரியேதான் வருவா."