வீடு தங்காதவள்

கோப்பு திரும்பி வந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘சமூக வண்ணத்துப்பூச்சி’ என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், சரிபார்ப்பவர் சிவப்பு எழுத்தில் கேட்டிருந்தார்: “இது எந்தக் காட்டில் கிடைக்கும்?”

கதாநாயகி ஒரு ‘சோஷியல் பட்டர்ஃப்ளை’ என்று நாவலின் முதல் பக்கத்திலேயே ஆசிரியர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். எந்நேரமும் விருந்து, அரட்டை, நாலு பேர் வீடு என்று பறந்துகொண்டிருக்கும் பெண் என்று பொருள். பொருள் தெரிந்து என்ன பிரயோஜனம்? தமிழ் வரவில்லை.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பவர் யாரென்று சரிபார்ப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். சரிபார்ப்பவர் யாரென்று இவருக்கும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் தாட்சண்யம் வந்துவிடுமாம். ஒரே இடத்துக்காக மூன்று முறைக்கு மேல் திரும்பினால் புத்தகம் வேறு கைக்குப் போய்விடும்.

போனால் இவருக்கு மனசு விட்டுப்போகும். இத்தனை வருஷமாக வாஷிங் மெஷின் கையேடுகளோடு மல்லுக்கட்டியவர். இப்போதுதான் முதன்முறையாக ஒரு புத்தகத்தின் அட்டையில் பெயர் வரப்போகிறது. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. முதல் பிரதியை அவள் கையில் கொடுத்து, அவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

“ஏங்க, கிளம்பறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன்” என்றாள் மனைவி.

“ம்.”

“வர சாயங்காலம் ஆகும்.”

“ம்.”

கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார். ஆறு மாதமாக இதே கூத்து. மத்தியானமானால் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் எந்தச் சிநேகிதி, அவள் மாமியாருக்கு என்ன வியாதி என்பது வரை கேட்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

‘ஊர்சுற்றி’ என்று மாற்றி அனுப்பினார்.

“கதாநாயகி பெரிய இடத்துப் பெண். நீங்கள் பஸ் நிலையத்தில் படுக்க வைத்துவிட்டீர்கள்” என்று பதில் வந்தது.

ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சம் கவித்துவமாக, ‘பூவுக்குப் பூ தாவுகிறவள்’ என்று போட்டார்.

“இருபதாம் பக்கத்தில் இவளுடைய கணவர் வருகிறார். அவருக்கு நீங்களே சமாதானம் சொல்லுங்கள்.”

மூன்றும் முடிந்தது. இனி ஒரு வாய்ப்புதான் பாக்கி. மொழிபெயர்ப்பாளர் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மத்தியானம், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மண்டையில் பளிச்சென்று ஒரு சொல் வந்தது. ‘வீடு தங்காதவள்’ என்று அடித்தார். மறுபடி குத்தம் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, கீழே ஒரு விளக்கமும் சேர்த்தார்.

“இதற்கு அகராதி வேண்டாம். என் மனைவியே உதாரணம். மத்தியானமானால் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஊர்க்கதை பேசாவிட்டால் தின்றது செரிக்காது.”

அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பையை நாற்காலியில் எறிந்தாள். டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் கீழே கொட்டியது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்.”

அரட்டையில் யாருடைய புருஷனோ மாட்டியிருக்கிறான் என்று புரிந்துகொண்டார். தன் தலை தப்பியதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பதிலைத் திறந்து பார்க்கும் வரைதான். “அந்த அம்மாள் எங்கே போகிறார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? வீட்டில் இருந்தாலும் அவர் யாரோடு பேசுவார்? இந்தச் சொல் செல்லாது.”

மறுநாள் மூன்று மணி வாக்கில் நேரே பதிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

“என் குடும்பத்தைப் பத்திப் பேச அந்த ஆளு யாரு சார்?”

“நீங்கதானே மொதல்ல ஆரம்பிச்சீங்க?”

“நான் உதாரணம்தான் சொன்னேன். அவருக்குக் குடும்பம் குட்டி எதுவும் இருக்காதுன்னு நெனைக்கிறேன். இருந்தா இப்படி எழுத மனசு வராது. ஒண்ணு அவரை மாத்துங்க, இல்ல என்னை விட்டுடுங்க.”

பதிப்பாளர் உடனே தலையாட்டினார்.

“சரி சார். அவங்க இனிமே உங்க புத்தகத்தைத் தொட மாட்டாங்க. நாலு தடவை திரும்பினாலும் பரவாயில்ல, அந்த வார்த்தையும் இருந்துட்டுப் போகட்டும். மொதல் பக்கம் இன்னிக்கே அச்சுக்குப் போகுது.”

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று மொழிபெயர்ப்பாளர் எதிர்பார்க்கவில்லை. மிடுக்காகப் படியிறங்கினார். வாசலில் காவலாளி எழுந்து நின்றார். அவர் இவர்கள் தெருக்காரர்தான்.

“என்ன சார், வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? சீக்கிரமே கிளம்பிட்டாங்களே.”

“அவ இங்க எதுக்கு வந்தா?”

“எதுக்கா? ஆறு மாசமா இங்கதானே சார் புத்தகம் திருத்தறாங்க. இன்னிக்கு ஒரே கோவம், எவனோ பெண்டாட்டியைப் பத்திக் கண்டபடி எழுதறானாம், இனிமே அவன் புத்தகத்தைத் தொட மாட்டேன், ஆனா அது யாருன்னு தெரிஞ்சே ஆகணும், அட்டையில பேரு போட்டு வந்ததும் மொதல் காப்பி எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போறாங்க.”