நகவெட்டியால் வெட்டிய நாலாம் கால்

அன்பு மகள் சின்னவளுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. கோட்டுக்கு மேல் ஏறியும் கீழே இறங்கியும் போகிறது என்று எனக்கே தெரிகிறது. 'ழ' போட்டு முடிப்பதற்குள் கை களைத்துவிடுவதால் அந்த எழுத்து வரும் இடமெல்லாம் சற்று ஓய்வெடுத்திருக்கிறேன். அங்கே மைப் பொட்டு இருக்கும். ஆனாலும் பார் பாப்பா, எழுபத்தொரு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது! கடிதம் என்றால் நலம் சொல்லித்தான் தொடங்க வேண்டும், பிறகுதான் சண்டை போட வேண்டும் என்று முதியோர் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே, நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். "அண்ணனுக்கு உண்மையில் எப்படி இருக்கிறது? நான் இப்போதே வரவா, வருடக் கடைசி லீவு வரை பொறுக்கலாமா?" அதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நீ அவனுக்கு அனுப்பிய கேம் கேசட் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். குற்றவாளி நான்தான்.

அந்தப் பார்சலைப் பிரித்த அன்று உன் அண்ணன் தானாக எழுந்து உட்கார்ந்தான். ஈரல் கெட்டுப் படுத்த இந்த ஐந்து மாதத்தில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேசட்டைத் தன் பழைய மெஷினில் சொருகினான், டிவி மின்னி மின்னி அணைந்தது, ஊதிச் சொருகினான், மறுபடி மின்னி அணைந்தது. "வெளிநாட்டுச் சரக்குப்பா, உள்ள விடமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான், இரண்டு நாள் திரும்பவே இல்லை. அதைக் கேட்டுத்தான் நீ எனக்காகப் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு தாள் எழுதி அனுப்பினாய். முதல் தாளைப் படிக்க எனக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. வேறு நாட்டு கேசட்டை விரட்டுவதற்கென்றே மெஷினுக்குள் ஒரு சிப் காவல் இருக்கிறது, அதற்குப் பதினாறு கால், நாலாம் காலை வெட்டினால் காவல் ஒழிந்தது! யார் உதவியும் இல்லாமல் இதைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டாம் தாளை, மிட்டாயை மிச்சம் வைப்பது போல, மறுநாளுக்கு எடுத்து வைத்துவிட்டு நகவெட்டியைத் தேடினேன்.

சிப்பில் எட்டு கால் மேலே, எட்டு கால் கீழே. எழுத்து என்றால் மேல் வரியில் இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் போக வேண்டும் என்பது எனக்கு இப்போது தூக்கத்தில்கூடத் தெரியும். மேல் வரியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விரல் வைத்துப் படித்து, நாலாவதை வேரோடு நறுக்கினேன். டிவி மின்னுவதையும் நிறுத்திவிட்டது. முழு இருட்டு. சரி, கீழ் வரி நாலாவதாக இருக்கும் என்று அதையும் நறுக்கினேன். இருட்டு அப்படியே இருந்தது. முதலில் வெட்டிய காலை ஒட்டிவிடலாம் என்று பார்த்தால் ஆளைக் காணோம். அரை அரிசி அளவுகூட இல்லாத சாமான் அது. போர்வையை உதறி, கட்டிலை நகர்த்தி, கடைசியில் உன் அண்ணன் தலையணை உறையில் கண்டுபிடித்து, உடனே ஒட்டும் பசையை வைத்து ஒட்டினேன். கால் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பசை மட்டும் சிப்பில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

உன் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"அப்பா, ரெண்டாவது தாளைப் படிச்சீங்களா?"

"நாளைக்குப் படிக்கலாம்னு வெச்சிருக்கேன்டா."

"இப்பவே படிங்க. நாளைக்குன்னு தள்ளிப்போட எங்கிட்ட அவ்வளவு நாள் ஸ்டாக் இல்ல."

படித்தேன். முதல் வரி: "எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியும்." இரண்டாவது வரி: "நீங்கள் கை வைக்காதீர்கள் அப்பா."

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் டிவி, ரேடியோ சரி செய்யும் ஓர் அம்மா இருக்கிறாள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதால் எல்லோரும் அவளை ரெட்டைக்கண்ணாடி என்பார்கள். மெஷினைத் திறந்தவள், இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன பெரியவரே, நகம் வெட்டின மாதிரி வெட்டியிருக்கீங்க?"

"நகவெட்டியாலதாம்மா வெட்டினேன்."

"அதுக்கு மேல பசை வேற. சாகடிச்சுட்டு மாலையும் போட்டுட்டீங்க."

பிறகுதான் எண்ணும் முறையைச் சொன்னாள். சிப்பின் ஒரு முனையில் அரைவட்டமாகப் பள்ளம் இருக்கிறது. அதை வாசல் என்று வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் வலது கைப் பக்கம் ஒன்று முதல் எட்டு, கடைசி வரை போய்த் திரும்பினால் எதிர் வரிசையில் ஒன்பது முதல் பதினாறு. எனக்குத் தலை சுற்றியது பாப்பா. நான் நாற்பது வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆஸ்பத்திரி வார்டு அச்சாக அப்படித்தான்! பதினாறு கட்டில், அதே வாசல், அதே சுற்று. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாலாம் கட்டிலுக்குப் போயிருப்பேன். படித்த பிறகு மேல் வரியில் நாலு என்று எண்ணி, பதிமூன்றாம் கட்டில்காரரின் கதையை முடித்திருக்கிறேன். இரண்டாம் முறை கீழ் வரியில் வெட்டியதுதான் சரியான நாலாம் காலாம், அது தற்செயல். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நாப்பது வருஷம் ஒரு எழுத்து தெரியாம, ஒரு ஆளைக்கூட மாத்தித் தூக்கல நீங்க. படிச்சதும் மொத வேலையே இதாப்பா?"

அன்று கடையில் நிற்கும்போதே, பதிமூன்றாம் காலைப் பிழைக்கவைக்க முடியுமா என்று ரெட்டைக்கண்ணாடியிடம் கேட்டேன். "கால் வேணாம், தூக்கிப் போடுங்க. உள்ள வேர் இருக்கும். மேல இருக்கற கறுப்புத் தோலைச் சுரண்டிப் பார்க்கணும். கொஞ்சம் அதிகமாச் சுரண்டினா சிப்பே போச்சு. ஒரு தடவைதான்" என்றாள். விளக்குப் பிடிக்க என்னை நிறுத்திக்கொண்டாள். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டி மெஷினால் முதலில் என் பசையை எடுத்தாள், பிறகு கறுப்புத் தோலை மாவு மாவாகத் தேய்த்தாள். ஆப்பரேஷன் தியேட்டர் வாசல் வரை எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், உள்ளே நின்றதில்லை. தும்மல் வந்தது, விழுங்கினேன். வெகு நேரம் கழித்துக் கறுப்புக்குள் ஓர் ஊசிமுனை வெள்ளையாக மின்னியது. "இருக்கான்" என்றாள். தலைமுடி போன்ற கம்பி ஒன்றை அந்தப் பொட்டில் வைத்து, ஈயத்தை ஒரு துளி உருக்கி விட்டு, மறுமுனையைப் பலகையில் பற்றவைத்தாள். நான் மூச்சு விட்டதும் அவள் திட்டினாள்: "மெதுவா விடுங்க, கம்பி பறந்துடும்!"

மெஷின் ஓடுகிறது. உன் கேசட் ஓடுகிறது. திரையில் வண்ணம் வந்ததும் உன் அண்ணன் என் பக்கம் ஓர் ஆட்டக் கைப்பிடியைத் தள்ளினான். நான் ஏழு ஆட்டத்தில் ஏழும் தோற்றேன். அவனைச் சந்தோஷப்படுத்தத் தோற்றதாக நினைக்காதே, எனக்கு உண்மையிலேயே வரவில்லை. "உங்களோட ஆடறதுக்கு நான் தனியாவே ஆடிக்கலாம்" என்கிறான்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். அண்ணன் நன்றாக இருக்கிறான். இரண்டு வேளையும் சாப்பிடுகிறான். கால் வீக்கம் வற்றிவிட்டது. நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டாம், வருடக் கடைசியில் வந்தால் போதும். இந்த நாலு வரியையும் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். முழுக் கடிதத்தையும் அவனிடம் காட்டித் திருத்திக்கொண்ட பிறகுதான் உறையில் போட வேண்டும் என்பது அவன் உத்தரவு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் குறையாமல் இருக்கட்டும் என்று இங்கிருந்தே உன் தலையில் கை வைக்கிறேன். அடுத்த வாரம் இதே கிழமை உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். அதற்குள் கை இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா (கையெழுத்து, கைநாட்டு இல்லை!)

பி.கு.: இதை ரெட்டைக்கண்ணாடியின் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உன் அண்ணன் கடிதத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டான். தபாலுக்குப் பத்து நாள் ஆகும் என்பதால் இந்த அம்மா தாள்களைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்பப் போகிறாள். மெஷின் ஓடுவது உண்மை. அந்த நாலு வரியும் பொய். வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது, அழுத்தினால் விரல் பட்ட பள்ளம் அப்படியே நிற்கிறது. நேற்றிலிருந்து இடது கைப் பொத்தானை அவனுக்காக நான்தான் அழுத்துகிறேன். இதற்குப் பிறகு எத்தனை நாள் என்று எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. போனில் சொல்லியிருக்கலாம். வார்டு வாசலில் நிற்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான். உன்னிடம் சொல்ல வரவில்லை. எழுத வருகிறது. கிளம்பு பாப்பா. அடுத்த வாரம் நான் உனக்குக் கடிதம் எழுதும்படி வைத்துவிடாதே.