பதினோரு பேர் பொறித்த கல்

"எம்.பி. பேரு எம்.எல்.ஏ. பேருக்குக் கீழ இருக்குதாமா? அரசாங்க வரிசையில யாரு முன்னாலன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்களா?"

எம்.பி.யின் உதவியாளர் ஃபோனில் சீறியபோது, சித்ரகலா வாயிலிருந்த இட்லியை மெல்லாமலே விழுங்கினாள்.

ஊத்துக்குளிக்குக் கிழக்கே உள்ள ஒரு சின்னப் பேரூராட்சியில் அவள் இளநிலை உதவியாளர். ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் உயிர்விட்ட அந்த ஊர்ப் பையன் நித்தீஷின் நினைவாகப் பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்றே நாள். கல்வெட்டு அவள் பொறுப்பு.

கல் செதுக்கும் அழகுமலையிடம் ஓடினாள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முனகிக்கொண்டே கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எம்.பி.யை மேலே ஏற்றினார்.

மறுநாள் காலை எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து ஃபோன். "கீழ போட்டது சரிங்க. எழுத்தையுமா சின்னதாக்கணும்?"

"இந்தக் கல்லுக்கு மூணாவது பக்கம் கெடையாதும்மா" என்றார் அழகுமலை.

புதுக் கல் வந்தது. எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும் என்று சித்ரகலா முடிவு செய்தாள். வம்பு தீர்ந்தது என்று நினைத்தாள். சரிசமம் என்ற செய்தி பரவியதும், விட்டுப்போன ஆட்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். துணைத்தலைவர் வந்தார். கவுன்சிலர்கள் வந்தார்கள். சிமெண்ட் கொடுத்த பனியன் கம்பெனி முதலாளி, "நம்ம பேரு இல்லாம எப்படீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேரூராட்சித் தலைவருக்கோ, சொந்த ஊரிலேயே தான் மூன்றாவதா என்று கோபம். பெயர்கள் பதினொன்று ஆயின.

விழாவுக்கு முந்தின நாள் அழகுமலை ஃபோனில் கூப்பிட்டார். "அத்தனையும் அடங்காதும்மா. மேல ரெண்டு வரிய எடுத்துட்டா சரியா இருக்கும். எடுத்துரவா?"

அவளுடைய இன்னொரு ஃபோனில் தலைவர் கத்திக்கொண்டிருந்தார்.

"எடுத்துருங்ணா, எடுத்துருங்க!"

விழா அருமையாக நடந்தது. எம்.பி. திரையை விலக்கினார். பதினோரு பேரும் அவரவர் பெயரைத் தேடிப் பார்த்து, திருப்தியாகக் கை தட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கார்களும் வரிசை பிசகாமல் கிளம்பிப் போயின. மூன்று நாளில் முதல்முறையாக சித்ரகலாவுக்கு மூச்சு வந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் நித்தீஷின் அம்மா பழனாத்தாள் கல்லுக்கு அருகே வந்தார். இவ்வளவு நேரமும் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்.

"எம்பையன் பேரு எதுங் கண்ணு?"

சித்ரகலா அப்போதுதான் கல்லை மேலிருந்து படித்தாள். எடுத்துவிடச் சொன்ன இரண்டு வரிகள் எவை என்று புரிந்தது. 'லான்ஸ் நாயக் நித்தீஷ்' ஒரு வரி. 'நினைவு நிழற்குடை' இன்னொரு வரி.

எதுவென்று கேட்கிறவருக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் சட்டென்று உறைத்தது. பழனாத்தாளின் கையைப் பிடித்து எம்.பி.யின் பெயர்மேல் வைத்தாள்.

"இதாங்கம்மா. எல்லாருக்கும் மேல, மொதப் பேரே அவருதுதாங்க."

பழனாத்தாள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங் கண்ணு, அவன் பேரைத் தவிர."